வீட்டில் ஹஸ்கி: எது நடந்தால் எதை முதலில் பார்ப்பது

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, “அண்ணா, நாய் திரும்பவும் ஓடிவிட்டது” என்றுதான் தொடங்குகின்றன. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபுறமும் சுவர் ஒட்டிய வரிசைவீடு ஒன்றில் பதினொரு ஆண்டுகளாகச் சைபீரியன் ஹஸ்கிகளோடு வாழ்கிறேன். என்னுடையவை மூன்று; வைத்துச் சமாளிக்க முடியாமல் மற்றவர்கள் கைவிட்டு, வேறு வீடு கிடைக்கும்வரை என்னிடம் தங்கிப்போனவை அதைவிட அதிகம். ஒரே கோளாறுகளை ஒரே வரிசையில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பழக்கத்தில், அந்த வரிசையை இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பணம் கேட்கும் காரணம் பின்னாலும், மிருக வைத்தியரையோ பயிற்றுநரையோ அழைக்க வேண்டிய கட்டம் கடைசியிலும் வரும். சைபீரியன் ஆண்நாய் 20 முதல் 27 கிலோவரை நிற்கும். அதைவிடப் பெரிய இனமான அலாஸ்கன் மலமூட் 38 கிலோவைத் தொடும். ஆகவே மலமூட் வைத்திருப்பவர்கள் இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு கொக்கியையும் ஒரு படி தடிப்பாக வாங்க வேண்டும்.

எந்தத் தலைப்புக்குள் போவதற்கு முன்பும் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். நாய் இதை எப்போதுமே செய்கிறதா, அல்லது இந்த வாரம்தான் தொடங்கியதா? எப்போதும் செய்வதென்றால் கோளாறு வேலியிலோ கதவிலோ உங்கள் நாளின் ஒழுங்கிலோ இருக்கும். திடீரெனத் தொடங்கியதென்றால் வைத்தியரிடம் காட்டிவிட்டு, அதன் பின்னரே பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும். வலியில் ஊளையிடும் நாய்க்குப் பயிற்சி கொடுத்து மூன்று வாரத்தை வீணாக்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

## ஓடிவிடுகிறது

முதலில் அது எதனால் வெளியேறியது என்று கண்டுபிடியுங்கள். “எப்படியோ போய்விட்டது” என்பவர்கள் பெரும்பாலும் வேலியைச் சுற்றி ஒருமுறைகூட நடந்து பார்க்காதவர்கள்.

### வாசற்கதவால் போகிறது

இதுதான் அடிக்கடி நடப்பது. பிள்ளைகள் பாடசாலைப் பையோடு உள்ளே வரும் அந்த மூன்று விநாடி அதற்குப் போதும். கதவுக்கும் வரவேற்பறைக்கும் நடுவே குழந்தைகளுக்கான தடுப்புக்கதவு ஒன்றைப் பொருத்துங்கள். ஒரு கதவு மூடிய பிறகுதான் மற்றது திறக்கப்படும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், வந்துபோகும் உறவினர்களுக்கும் பழக்குங்கள். நாய்க்கு “நில்” கற்பிப்பது நல்லதுதான். ஆனால் முயல் ஒன்று புல்வெளியில் நிற்கும் நாளில் தடுப்புக்கதவு நிற்கும், “நில்” நிற்காது. கராஜின் தானியங்கிக் கதவை நாய் வீட்டுக்குள் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே திறக்க வேண்டும்.

### வேலிக்கு அடியால் போகிறது

குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேலியின் அடியிலேயே தோண்டியிருந்தால் அது வெளியேறும் வழி. வளவின் நடுவில், நிழலில் தோண்டியிருந்தால் குளிர்ந்த மண்ணில் படுப்பதற்காகத் தோண்டியது. அந்தக் குழியை அப்படியே விட்டுவிடலாம். வெளியேறும் குழிக்கு முதல் மருந்து தட்டைக் கற்களை வேலியோரம் பதிப்பது. அது போதாவிட்டால் கம்பிவலையை வேலியின் அடியில் கட்டி, அங்கிருந்து உள்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் விரித்து, முளையடித்து, மேலே மண்ணைப் பரப்புங்கள். நாய் வேலியை ஒட்டி நின்றுதான் தோண்டும். வலையின் ஓரத்துக்குப் பின்வாங்கி வந்து தோண்ட வேண்டுமென்று அதற்குத் தோன்றுவதில்லை.

### வேலிக்கு மேலால் போகிறது

ஆறடிக்குக் குறைந்த வேலியென்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ஆறடி இருந்தும் போகிறதென்றால் வேலியோரம் எது படியாகப் பயன்படுகிறது என்று பாருங்கள்: குப்பைத்தொட்டி, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, இறைச்சி சுடும் அடுப்பு. பெப்ரவரியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்களே வாரிக் குவித்த பனி வேலியோரம் மூன்றடி உயர்ந்துவிட்டால் ஆறடி வேலி மூன்றடி வேலியாகிவிடுகிறது. என் இரண்டாவது நாய் இப்படித்தான் போனது. நான் அன்று முழுவதும் வேலிப்பலகைகளின் ஆணிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பனியை வளவின் நடுவில் குவியுங்கள். நாய்க்கும் அது விளையாட்டுத் திடல்.

சங்கிலிவலை வேலியை ஏணிபோல ஏறும் நாய்களும் உண்டு. வேலியின் உச்சியில் உருளும் குழாய் பொருத்தினால் முன்னங்கால் பிடி கிடைக்காமல் விழும். உயரத்தைக் கூட்ட நினைத்தால் உங்கள் நகரம் அதற்கு வைத்திருக்கும் வரம்பை முதலில் கேட்டறியுங்கள்.

நிலத்தடிக் கம்பியும் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியும் கொண்ட கண்ணுக்குத் தெரியாத வேலியை இந்த இனத்துக்கு வாங்க வேண்டாம். அணிலைத் துரத்தும் வேகத்தில் நாய் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். ஆத்திரம் அடங்கி வீட்டுக்கு வர நினைக்கும்போது அதே அதிர்ச்சி அதைத் தெருவிலேயே நிறுத்திவைக்கும்.

### நடைக்குப் போகும்போது நழுவுகிறது

ஹஸ்கி பின்னால் நடந்து, தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கி, மார்பையும் தோளையும் சுற்றிப் பூட்டும் ஹார்னஸிலிருந்து கழன்றுவிடும். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். உரோமம் உதிர்ந்து முடிந்த வாரத்தில் அதே ஹார்னஸ் தளர்வாகியிருக்கும் என்பதால் மறுபடி அளந்து பாருங்கள். இழுத்தால் ஓரளவு இறுகும் மார்ட்டிங்கேல் வகைக் கழுத்துப்பட்டியை வாங்கி, அதையும் ஹார்னஸையும் சிறு கொக்கியால் இணைத்துவிடுவது சில டொலர் செலவில் முடியும் காப்புறுதி.

### ஏற்கனவே ஓடிவிட்டது, இப்போது என்ன செய்வது

துரத்தாதீர்கள். நீங்கள் துரத்தினால் அது விளையாட்டாகிவிடும், அந்த விளையாட்டில் நீங்கள் வெல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லி உற்சாகமாகக் கூப்பிட்டுக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். அல்லது தரையில் உட்கார்ந்து உணவுப்பொட்டலத்தைச் சரசரக்கச் செய்யுங்கள். காரில் போவதை விரும்பும் நாயென்றால் கார்க்கதவைத் திறந்துவைப்பது பல தடவை பலித்திருக்கிறது. கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் நெடுஞ்சாலை இருக்கும் பக்கத்துக்கு முதலில் ஆளை அனுப்பிவிட்டு, நகரத்தின் விலங்குச் சேவைக்கும் அருகிலுள்ள மிருக வைத்தியசாலைகளுக்கும் அறிவியுங்கள். தோலுக்கடியில் வைத்த அடையாளச் சில்லில் பதிவான தொலைபேசி எண் இன்றைய எண்தானா என்பதை நாய் வீட்டில் இருக்கும்போதே, இன்றே, சரிபார்த்துவையுங்கள். இடங்காட்டும் கழுத்துக்கருவிக்கு மாதச் சந்தா உண்டு. ஓடும் நாய் வைத்திருப்பவருக்கு அது வீண்செலவல்ல.

வாரைக் கழற்றிவிட்டு, கூப்பிட்டால் வரும் என்று நம்பும் நாள் பெரும்பாலான ஹஸ்கிகளுக்கு வருவதேயில்லை. பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்றை வாங்கி, அந்த எதிர்பார்ப்பைக் கைவிடுங்கள். 1925இல் அலாஸ்காவின் நோம் நகருக்குத் தொண்டையடைப்பான் மருந்தைக் கொண்டுசென்ற தொடரோட்டத்தில் மிக நீண்ட தூரத்தை ஓடிய டோகோ என்ற நாயை, அது குட்டியாக இருந்தபோது உரிமையாளர் செப்பாலா வீட்டு நாயாக வளர்க்கும்படி வேறொருவருக்குக் கொடுத்தாராம். அது கண்ணாடி யன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்து, பல மைல் ஓடி அவருடைய கொட்டிலுக்கே திரும்பிவிட்டது. உங்கள் தடுப்புக்கதவு எதை எதிர்த்து நிற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

யாரை அழைப்பது: மேலே சொன்னவற்றைச் செய்தும் மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியேறினால் வேலி அமைப்பவரை அழைத்து, மேல்பக்கமும் மூடிய கூண்டுவளவு ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். ஆண்நாய் திடீரென ஓடத் தொடங்கினால், கருத்தடைச் சிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் கேட்கலாம். அயலில் பருவத்துக்கு வந்த பெண்நாய் இருக்கக்கூடும்.

## வீட்டுப் பொருட்களைக் கிழித்து நாசமாக்குகிறது

சோபாவைப் பார்ப்பதற்கு முன் மணிக்கூட்டைப் பாருங்கள். பழைய கைத்தொலைபேசியைப் புத்தக அடுக்கில் நிறுத்தி, நீங்கள் வெளியேறுவதிலிருந்து ஒரு மணிநேரத்தைப் பதிவுசெய்யுங்கள். அடுத்து எந்தக் கிளையில் போவதென்பதை அந்தப் பதிவுதான் சொல்லும்.

### இரண்டு மணிநேரம் தூங்கி எழுந்த பிறகு கிழிக்கிறது

இது வேலையில்லாத நாய். காலையில் வாரைப் பிடித்துத் தெருமுனைவரை இருபது நிமிடம் நடந்தது அதற்கு வேலையாகாது. வளர்ந்த ஹஸ்கிக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிநேரத்துக்குக் குறையாத நடமாட்டம் வேண்டும். அதில் ஒரு பகுதியாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அதிலும் இழுக்கும் வேலை கொடுத்தால் பாதி நேரத்தில் காரியம் முடிகிறது என்பது என் அனுபவம். இழுப்பதற்கென்று தைத்த ஹார்னஸ், உங்கள் இடுப்பில் அகலமான பட்டி, இரண்டுக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் மீள்கயிறு: இவற்றைக் கட்டிக்கொண்டு நாயின் பின்னால் ஓடுவதைக் கனிக்ரொஸ் என்கிறார்கள். எலும்பு முதிர்ந்த பின், அதாவது ஏறக்குறைய 18 மாதத்தில், வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டரில் தொடங்குங்கள். வெப்பம் 15 பாகை செல்சியஸைத் தாண்டும் நாளில் இழுக்கவிடாதீர்கள். ஈரப்பதம் கூடிய நாளென்றால் அதற்கும் முன்பே நிறுத்துங்கள்.

ஓடுவதற்கு உங்களால் முடியாதென்றால் மூளைக்கு வேலை கொடுங்கள். சாப்பாட்டைக் கோப்பையில் போடாமல் புல்லுக்குள் எறிந்து தேடவிடுங்கள். உள்ளீடற்ற இறப்பர் பொம்மைக்குள் நிரப்பி உறையவைத்துக் கொடுங்கள். பத்து நிமிடப் பயிற்சியை நாளில் மூன்று தடவை செய்யுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் இரண்டு வாரம் விடாமல் செய்த பிறகே இது பலிக்கவில்லை என்று சொல்லலாம்.

துணைக்கு இன்னொரு ஹஸ்கியை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் நாய் ஒழுங்காக இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் இரண்டாவது நாய் முதலாவதிடம்தான் பாடம் படிக்கும், சோபா பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

### குட்டி மாலையில் மட்டும் வெறிபிடித்ததுபோல் கடிக்கிறது

நான்கு முதல் ஆறு மாதத்தில் பல் முளைக்கும். ஈரத்துணியை முறுக்கி உறையவைத்துக் கடிக்கக் கொடுங்கள். பல்லும் காரணமில்லையென்றால் தூக்கமில்லாத குட்டி. அதை இன்னும் ஓடவிட்டால் இன்னும் கடிக்கும். இருட்டான அறையில், கூட்டில், ஒரு மணிநேரம் படுக்கவையுங்கள்.

### நீங்கள் கதவைச் சாத்திய முதல் அரைமணிக்குள் தொடங்குகிறது

பதிவில் வாயிலிருந்து நீர் வடிவதும், கதவுநிலையை நகத்தால் பிறாண்டுவதும், ஓய்வின்றி அங்குமிங்கும் நடப்பதும் தெரிந்தால் அது தனிமைப் பயம். இந்த நாயைக் கூட்டில் பூட்டாதீர்கள்; கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட நாயை நான் வளர்த்திருக்கிறேன். ஓட்டம் இதற்கு உதவி மட்டுமே, தீர்வாகாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று பிரிவைப் பழக்கவேண்டிய மாதக்கணக்கான வேலை இது. அந்தக் காலம் முழுவதும் நாய் தனியே இருக்காதபடி வீட்டாரிடையே முறை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

யாரை அழைப்பது: தனிமைப் பயம் உறுதியானால் வைத்தியரிடம் பேசுங்கள், மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால்தான் சில நாய்கள் தேறும். எதையோ விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தோடு திரும்பத் திரும்ப வாந்தியும், உணவை மறுப்பதும், மலம் கழிக்காமையும் சேர்ந்தால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். காலுறையும் துவாயும் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைவரை போகும்.

## ஊளையிடுகிறது

ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதே அதிகம், சுவர் ஒட்டிய வீடுகளில் அது மூன்றாவது வீட்டுக்கும் கேட்கும். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள். அம்புலன்ஸ் ஒலிக்குப் பதில் சொல்லிவிட்டு ஒரு நிமிடத்தில் நிறுத்தினால் அதை விட்டுவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது மட்டும் என்றால் மேலே உள்ள பகுதிக்குத் திரும்புங்கள். உங்கள் முன்னாலேயே நின்று, கண்ணைப் பார்த்து ஊளையிட்டால் ஏதோ கேட்கிறது. நீங்கள் எழுந்து கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது பலிக்கிறதென்று கற்றுக்கொள்கிறது. நிறுத்திய பிறகே எழுந்து போங்கள். அயலவரிடம் முறைப்பாடு வருவதற்கு முன்பே போய்ப் பேசி உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவது, நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகு பேசுவதைவிட எளிது.

யாரை அழைப்பது: வயதான நாய் இரவில் புதிதாக ஊளையிடத் தொடங்கினால் வலி, செவிப்புலன் குறைவு, மூதாளர் மறதி போன்றதொரு தடுமாற்றம் ஆகியவற்றை வைத்தியர் சோதிக்க வேண்டும். குரல் கரகரத்து, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் குரல்வளை வாதமாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

## வாரை இழுக்கிறது

இழுப்பதற்கென்றே வளர்த்த இனம் இழுக்கிறது என்று முறையிடுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் பனி உறைந்த நடைபாதையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவரை எனக்குத் தெரியும் என்பதால் சிரிக்க மாட்டேன்.

முதற்காரணம் பெரும்பாலும் உபகரணக் குழப்பம். முதுகில் கொக்கி உள்ள ஹார்னஸைப் போட்டு, அதில் வாரைக் கட்டிவிட்டு, “இழுக்காதே” என்று சொல்கிறோம். இரண்டு தொகுதிகளாகப் பிரியுங்கள். இழுக்கும் ஹார்னஸ் போட்டால் ஓட்டம். கழுத்துப்பட்டியோ மார்பில் கொக்கியுள்ள ஹார்னஸோ போட்டால் நடை. ஒரு மாதம் பிசகாமல் இருந்தால் நாய் உடுப்பைப் பார்த்தே வேலையைத் தெரிந்துகொள்ளும். ஓட்டத்தில் பனிவண்டி ஓட்டுநர்களின் சொற்களையே பழக்கலாம்: வலப்பக்கத்துக்கு “ஜீ”, இடப்பக்கத்துக்கு “ஹா”, புறப்பட “ஹைக்”, நிற்க “வோ”. நடையில் வார் இறுகியதும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்ட மாட்டீர்கள். இழுத்தால் நீளும் சுருள்வாரை இந்த இனத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. ரொறன்ரோவில் பொது இடத்தில் வார் இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதியும் உண்டு. பனிக்காலத்தில் சப்பாத்துக்கு அடியில் முள்பட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.

### திடீரென இழுப்பதை நிறுத்திவிட்டது

இதற்குத்தான் நான் பயப்படுவேன். நேற்றுவரை கையைப் பிடுங்கிய நாய் இன்று பக்கத்தில் சாதுவாக நடந்தால், பயிற்சி பலித்துவிட்டதென்று மகிழாமல் பாதங்களைத் தூக்கிப் பாருங்கள்: வெடிப்பு, விரலிடையில் பனிக்கட்டி, உடைந்த நகம். பாதம் சரியாக இருந்தால் படியேறும்போதும் எழும்போதும் நொண்டுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் போங்கள்.

## உரோமம் கொட்டுகிறது

### கொத்துக் கொத்தாக, உடலெங்கும்

உள்ளுரோமம் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை கழன்று விழும். ஒவ்வொரு தடவையும் மூன்று வாரமளவு நீடிக்கும். இது நோயல்ல. உள்ளுரோமத்தை வாரும் நீள்பல் வாரியால் நாள்தோறும் கால்மணிநேரம் வளவில் வைத்து வாருங்கள். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டிய மறுநாள் வாரினால் பெருமளவு ஒரே நாளில் வந்துவிடும். இந்த வாரங்களில் வீட்டின் வெப்பமூட்டியில் உள்ள காற்றுவடியைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை வெப்பமூட்டி பழுதென்று ஆளை அழைத்து, அவர் வடியிலிருந்து ஒரு முழு நாயளவு உரோமத்தை உருவி எடுத்துக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். வெயிலென்று மொட்டையடிக்காதீர்கள். மேலுரோமம் வெயிலிலிருந்தும் காக்கிறது. வெட்டிய இடத்தில் சரியாக வளராமல் போவதும் இந்த இனங்களில் தெரிந்த விடயம்.

### வட்டமாக வழுக்கை, அல்லது இருபக்கமும் ஒரேமாதிரி மெலிவு

உண்ணி, தெள்ளு, ஒவ்வாமை என்று தேடுங்கள். அரிப்பே இல்லாமல், நாய் சோம்பி, எடை கூடி, உரோமமும் மெலிந்தால் தைரொயிட் குறைபாட்டுக்கான இரத்தச் சோதனையை வைத்தியரிடம் கேளுங்கள்.

### கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு

ஹஸ்கிக்கும் மலமூட்டுக்கும் உரிய ஒரு கோளாறு இது. குடல் துத்தநாகத்தைப் போதியளவு உறிஞ்சாததால் கண், உதடு, மூக்கைச் சுற்றிப் பொருக்குத் தட்டும். பாதமெத்தை தடித்து வெடிக்கும். நம் வீடுகளில் நான் முதலில் கேட்பது நாய்க்கு என்ன சாப்பாடு என்பதைத்தான். சோறும் பருப்புமே பிரதான உணவென்றால், தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேற்று என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நிலைமை மோசமாகும். முழுமையான நாயுணவுக்கு மாற்றுங்கள். மருந்துக்கடையில் துத்தநாக மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் அது நஞ்சு. தோலைச் சோதித்து அளவைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். கறி ஊற்றிய சோற்றில் வெங்காயமும் உள்ளியும், பாயாசத்தில் முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) இருக்கும் என்பதையும், அவை நாய்க்கு நஞ்சென்பதையும் அம்மம்மாமார் இருக்கும் வீடுகளில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

## சாப்பிட மறுக்கிறது

ஹஸ்கி தன் உடலளவுக்குக் குறைவாகவே உண்ணும். ஓட்டமில்லாத நாளிலும் வெயில்நாளிலும் ஒருவேளையைத் தானாகத் தவிர்த்துவிடும். விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்புகள் கையில் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் துருத்தாமல் இருந்தால் எடை சரிதான். யார் யார் என்னென்ன தின்பண்டம் கொடுத்தார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். பல வீடுகளில் விசாரணை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. கோப்பையை இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்கே வையுங்கள். ஊட்டிவிடத் தொடங்கினால் அடுத்த பத்து ஆண்டும் ஊட்ட வேண்டியதுதான்.

யாரை அழைப்பது: வளர்ந்த நாய் ஒரு நாள் முழுவதும் மறுத்துச் சோர்ந்தும் கிடந்தால் வைத்தியரை அழையுங்கள். குட்டிக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மலமூட் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும். நள்ளிரவானாலும் அவசர வைத்தியசாலைக்கே போங்கள்.

## வெயிலில் மூச்சிரைக்கிறது

ஒன்ராறியோவின் யூலை மாதத்தில் நடையை விடியலுக்கும் இரவுக்கும் மாற்றுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழுவரை எண்ண முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே நிற்க முடியாது. நிழலுக்கு வந்து பத்து நிமிடத்தில் மூச்சு அடங்கினால் அச்சமில்லை.

அடங்காமல், ஈறு கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. முதலில் குளிர்வியுங்கள், பிறகு கொண்டுபோங்கள். குழாய்த்தண்ணீரை உடலெங்கும் தொடர்ந்து ஊற்றி, விசிறியையோ காரின் குளிரூட்டியையோ நேரே திருப்புங்கள். ஈரத்துவாயால் போர்த்தி மூடாதீர்கள், வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். வழியிலிருந்தே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நாய் தேறிவிட்டதுபோலத் தெரிந்தாலும் காட்டியே ஆக வேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு மறுநாள்தான் வெளிப்படும்.

## பூனையையும் அணிலையும் துரத்துகிறது

இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. குட்டியிலிருந்தே தன் வீட்டுப் பூனையோடு வளர்ந்த ஹஸ்கி அந்தப் பூனையை ஏற்கலாம். அடுத்த வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை இல்லை. முயலோ கினிப்பன்றியோ உள்ள வீட்டில் பூட்டும் கதவு இரண்டு வேண்டும். இன்னொருவரின் செல்லப்பிராணியை உங்கள் நாய் தாக்கினால் ஒன்ராறியோவின் சட்டம் உரிமையாளரையே பொறுப்பாக்குகிறது. ஒரு தடவை நடந்துவிட்டால் பயிற்றுநரை அழைத்து, வாய்க்கூடு அணியப் பழக்குங்கள்.

## பனியில் காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது

விரலிடையில் உருண்ட பனிக்கட்டியும் சாலையில் தூவிய உப்புமே பெரும்பாலும் காரணம். விரலிடை உரோமத்தைக் கத்தரித்து, நடைக்கு முன் பாதமெழுகு பூசி, வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். பாதம் ஏற்கனவே வெடித்திருந்தால் ஆறும்வரை பாதவுறை போடுங்கள். பாதத்தை நக்கிக்கொண்டே இருந்து, குடிகாரனைப்போலத் தள்ளாடினால் கராஜில் சிந்திய காரின் உறைதடுப்பு நீரை நக்கியிருக்கிறதா என்று யோசியுங்கள். அதன் இனிப்புச் சுவை நாயை ஈர்க்கும். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். சந்தேகம் போதும், சான்றுக்குக் காத்திராமல் ஓடுங்கள்.

## மூக்கு வெளிறுகிறது, கண் சிவக்கிறது

பனிக்காலத்தில் மூக்கின் நடுவே இளஞ்சிவப்புக் கோடு தோன்றி, கோடையில் மறுபடி கறுத்தால் அது பனிமூக்கு. ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் மூக்கும் உதடும் நிறம் இழப்பதோடு கண்ணும் சிவந்து, கூசி, நீர் வடிந்தால் உடலே தன் நிறமிகளைத் தாக்கும் நோயாக இருக்கலாம். ஒரே வாரத்தில் பார்வை போய்விடக்கூடும் என்பதால் அன்றே கண்வைத்தியம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மங்கலான வெளிச்சத்தில் கதவுநிலையில் மோதினாலும், விழியில் பால்படலம் தெரிந்தாலும் அதே அவசரம் இல்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் சோதிக்க வேண்டும். பரம்பரைக் கண்புரை இந்த இனத்தில் இளவயதிலேயே வரும்.

## பனியில் படுத்துக்கொண்டு உள்ளே வர மறுக்கிறது

பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸில் வாலால் மூக்கை மூடிச் சுருண்டு, முதுகில் பனி உருகாமல் கிடந்தால் நாய் நலமாகவே இருக்கிறது. உள்வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கு அந்த உருகாத பனியே அடையாளம். நடுங்கினால், பாதங்களை மாறி மாறித் தூக்கினால், உரோமம் நனைந்து ஒட்டியிருந்தால் உள்ளே அழைத்து வாருங்கள். குட்டி, முதிய நாய், அண்மையில் உரோமம் உதிர்ந்த நாய் ஆகியவற்றுக்கு இந்தத் தாராளம் கிடையாது. நாயைக் குளிரில் வாட்டுகிறீர்கள் என்று யாராவது முறையிட்டு, விலங்குநல அலுவலர் ஒருநாள் கதவைத் தட்டலாம். எங்கள் தெருவில் இரண்டு தடவை வந்திருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது காற்றும் ஈரமும் புகாத உறைவிடம் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பதைத்தான். இரண்டாவது தடவை வந்தவர் கூட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, கோப்பையில் தண்ணீர் உறைந்திருந்ததைக் காட்டினார். அன்றைக்கே மின்சூடேற்றிய கோப்பை வாங்கினேன்.